வேலையில் நிற்பதும் வேலையால் நிற்பதும்

அறுபது வயது கடந்த பிறகுதான் எனக்கு முதன்முதலாக லீவு கிடைத்தது. கிடைத்தது என்பதா, எடுத்தேன் என்பதா என்று தெரியவில்லை. நான் வேலை செய்வது துறைமுகத்துக்குப் போகும் வீதியில் உள்ள ஒரு சாப்பாட்டுக் கடையில். லொறிக்காரர்களும் சாமான் ஏற்றி இறக்குகிறவர்களும் மத்தியானம் வந்து சாப்பிடுவார்கள். கன்டீன் என்றுதான் எல்லோரும் சொல்வது. சோறு ஆக்குவதும், தேங்காய் திருவுவதும், சோறு வேகும் பெரிய கிடாரத்தை அடுப்பில் ஏற்றி இறக்குவதும் என் பங்கு. பின்னேரம் கை கழுவி வெளிக்கிடும்போது அன்றைய சம்பளம் கைக்கு வரும். போகாத நாளுக்கு ஒன்றும் வராது. அதில் கோபப்பட ஒன்றும் இல்லை, அந்த வேலை அப்படித்தான்.

எனக்குக் கர்ப்பப்பை கீழே இறங்கி வெகுகாலம். வெளியில் சொல்கிற வருத்தம் இல்லை என்பதால் நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. கிடாரம் தூக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வேன். இறக்கி வைத்த பிறகு குசினிச் சுவரோடு சற்று நேரம் சாய்ந்திருப்பேன். ஒருநாள் சேலையில் இரத்தம் பட்டது. அதன்பிறகு பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். டொக்டர் ஒரு பெண்பிள்ளை, என் மகளைவிட இளையவர். எடுத்துவிட வேண்டும் என்றார். எடுத்தார்கள். போகலாம் என்று துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது, "அம்மா, மூண்டு மாசத்துக்குப் பாரம் தூக்கப்படாது. தண்ணி வாளியும் பாரம்தான். தூக்கினால் உள்ளுக்குத் தையல் விட்டிடும். பிறகு முதல்ல இருந்து தொடங்க வேணும்" என்றார்.

அரசாங்க ஆஸ்பத்திரி, ஒப்பரேஷனுக்குக் காசு இல்லை. காசு வேண்டியிருந்தது அதற்குப் பிறகு. மூன்று மாதம் வேலைக்குப் போகாமல் சாப்பிட வேண்டும். கடனுக்குச் சாமான் கிடைத்தால் டொக்டர் சொன்னபடி இருக்கலாம். கிடைக்காவிட்டால் தையல் காய்ந்தாலும் காயாவிட்டாலும் கிடாரத்துக்குத் திரும்பிப் போக வேண்டும். வேறு வழி இருக்கவில்லை.

மகள் கட்டைபறிச்சானில் இருக்கிறாள். "அம்மா, இஞ்ச வந்து நில்லுங்கோ" என்று சொன்னாள். அங்கே கிணற்றில் தண்ணீர் அள்ள வேண்டும். அவள் தோட்டத்துக்குப் போனால் பிள்ளைகளை நான் தூக்க வேண்டும். கிடாரத்துக்கும் அவளுடைய கடைசிப் பிள்ளைக்கும் பாரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. நான் போகவில்லை.

கன்டீன் முதலாளி சிங்களவர். இங்கே வந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. தமிழில்தான் எங்களோடு கதைப்பார். அவர் தமிழில் அவன், அவள், அவர்கள் கிடையாது, எல்லாம் அதுதான். முதலாளி வந்தது, அம்மா போனது, லொறி போனது. ஒப்பரேஷன் என்று சொன்னபோது என்ன ஒப்பரேஷன் என்று அவர் கேட்கவில்லை, நான் சொல்லவும் இல்லை. "சுகம் இல்லாட்டி அம்மா நிக்கிறது நல்லது. சுகம் வந்தா வாறது" என்றார். அவ்வளவுதான் என் லீவு.

வீதியில் இருந்து எங்கள் வீடுகளுக்குத் திரும்பும் ஒழுங்கையின் முகப்பில் ஒரு பலசரக்குக் கடை இருக்கிறது. கடைக்காரர் கிண்ணியா முஸ்லிம். என்னைவிட வயது குறைந்தவர். ஊரெல்லாம் நானா என்று கூப்பிடுவதால் நானும் அண்ணனைக் கூப்பிடுவதுபோல நானா என்பேன். அவர் என்னை அக்கா என்பார். இரண்டுபேரும் ஒருவருக்கொருவர் மூத்தவர்களாக இருப்பதில் யாருக்கும் குழப்பம் இல்லை.

அவரிடம் கடன் கேட்கப் போனேன். கடையில் ஆட்கள் நின்றார்கள். போகட்டும் என்று ஓரமாக நின்றேன். ஒருவர் போக இருவர் வந்தார்கள். "அக்காக்கு என்ன?" என்று நானா கேட்டார். "சவுக்காரம்" என்றேன். காசைக் கொடுத்து வாங்கிக்கொண்டு வந்தேன். அடுத்த நாளும் போனேன், அன்றைக்கு நெருப்புப் பெட்டி. அதற்கடுத்த முறை திரும்பவும் சவுக்காரம். கடன் கேட்கப் போய்ப் போய்க் கையில் இருந்த காசும் கரைந்தது.

பக்கத்து வீட்டுக்காரி இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பவள். நாற்பது வயது இருக்கும். என்னை மாமி என்பாள். எனக்குத் தண்ணீர் நிரப்பி வைக்க வந்தவள் யன்னல் தட்டில் அடுக்கியிருந்த சவுக்காரக் கட்டிகளைப் பார்த்தாள்.

"என்ன மாமி, சவுக்காரக் கடை போடப் போறியளோ?"

விசயத்தைச் சொன்னேன்.

"வாயத் திறந்து கேட்டால்தானே அந்த மனுசனுக்குத் தெரியும். வாங்கோ என்னோட."

அவள் இடியப்பத் தட்டை நானாவின் மேசையில் வைத்துவிட்டு, கடையில் இருந்த எல்லோருக்கும் கேட்கத்தக்கதாகச் சொன்னாள்: "நானா, மாமிக்கு மூண்டு மாசத்துக்குச் சாமான் குடுக்க வேணும். வேலைக்குப் போன உடன கட்டுவா."

நானா என்னைப் பார்த்தார். "அக்கா வேலையில நிக்கிறீங்க தானே?"

"ஓம். லீவில நிக்கிறன்."

"லீவுக்குச் சம்பளம் வருமா?"

"வராது."

"சம்பளம் வராட்டி அத லீவு எண்டு சொல்ற இல்லக்கா. லீவு கச்சேரியில அரசாங்க வேல செய்றாக்களுக்குத்தான் இரிக்கி." நின்றவர்கள் சிரித்தார்கள். நானா கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. "அப்பிடி என்ன வருத்தம்?"

நான் தராசைப் பார்த்தேன்.

"பொம்பிளையளின்ர வருத்தம்" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "விளக்கம் வேணுமெண்டால் வீட்ட போய் உங்கட பெண்சாதியக் கேளுங்கோ."

நானா அவசரமாகப் பருப்புச் சாக்கின் வாயைச் சுருட்டத் தொடங்கினார். சுருட்டி முடித்த பிறகுதான் என்னிடம் கதைத்தார். "அக்கா, நான் வட்டி எடுக்கிற இல்ல, எங்களுக்கு அது கூடாது. வட்டி எடுக்கிறவனுக்கு ஒருத்தர் கட்டாட்டி இன்னொருத்தர்ட வட்டியில சரிவரும். எனக்கு அப்பிடி இல்ல. அதால நான் ஒண்டுதான் பாப்பன். திரும்பிப் போறதுக்கு வேல இரிக்கா?"

"இருக்கு."

"அப்ப சரி."

அரிசி, மா, பருப்பு, சீனி, தேங்காய் கடனுக்கு. பால்மாவும் சவுக்காரமும் காசுக்கு. சவுக்காரம் என்னிடம் ஏற்கனவே இருந்தது.

வேறு இடத்தில் கடன் கிடைக்காது என்று இல்லை. கடன் கொடுத்துவிட்டுக் கிழமைக்குக் கிழமை வட்டியோடு தவணை வாங்குகிறவர்கள் மோட்டார் சைக்கிளில் வருவார்கள். வேலை இருக்கிறதா என்று கேட்கமாட்டார்கள், சேர்ந்து பொறுப்பெடுக்க நாலைந்து பெண்கள் இருந்தால் போதும். அந்த மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் எங்கள் ஒழுங்கையில் சில வீடுகளில் முன்கதவு சாத்தப்படும். பின்கதவால் ஆட்கள் போவார்கள். பாரம் தூக்க ஏலாத எனக்கு ஓடவும் ஏலாது. அதனால் அந்தப் பக்கம் போகவில்லை.

முதல் மாதம் ஒழுங்காகப் போனது. காலையில் கொஞ்சம் நடந்தேன், மற்ற நேரம் படுத்திருந்தேன். வேலை செய்தே பழகிய உடம்புக்குப் படுத்திருப்பதும் ஒரு வேலையாகத்தான் இருந்தது. துறைமுகத்தில் கப்பல் ஊதுவது முன்பும் காதில் விழுந்திருக்கும். கிடாரச் சத்தத்தில் அதைக் கவனித்ததில்லை. கடைக்குக் கிழமையில் ஒருமுறை போனேன். கடனுக்கு வாங்குகிறவர் நாட்டரிசியா சம்பாவா என்று சொல்லிக் கேட்பதில்லை. எது வேண்டும் என்று நானாவும் கேட்க மாட்டார், நிறுத்துப் பையில் போடுவார். பக்கத்து வீட்டுக்காரி வந்து தூக்கிக்கொண்டு போவாள். சோற்றைக் குறைத்து ஆக்கினேன். யாரும் குறைக்கச் சொல்லவில்லை.

இரண்டாம் மாதத்தில் ஒருநாள் நானா லொறியில் வந்த சாமானைப் பொறுப்பெடுக்கத் துறைமுகப் பக்கம் போயிருக்கிறார். கன்டீனில் தேத்தண்ணீர் குடித்திருக்கிறார். குடித்தபடி முதலாளியிடம் என்னைப் பற்றி விசாரித்திருக்கிறார். இது அப்போது எனக்குத் தெரியாது. அடுத்த நாள் பையோடு கடைக்குப் போனேன்.

நானா பையை வாங்கவில்லை. "அக்கா, வேலையால நிண்டிட்டீங்களாமே?"

கடையில் நாலு பேர் நின்றார்கள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காது அடைத்தது. வேலையில் என்றாரா, வேலையால் என்றாரா என்பது சரியாக விழவில்லை. வீட்டில்தானே நிற்கிறேன், அதைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன்.

"ஓம், நிண்டனான்தான்" என்றேன்.

"அத முதல்லயே சொல்லியிரிக்கலாமே" என்றார். குரலை உயர்த்தவில்லை. "இனிச் சாமான் தர ஏலாதுக்கா. எடுத்ததுக்கு ஒரு வழி பாருங்க."

வெறும் பையோடு வீட்டுக்கு வந்தேன். பின்னேரம் பக்கத்து வீட்டுக்காரி வந்து கேட்டாள். சொன்னேன். அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"ஏன் மாமி ஓம் எண்டனீங்கள்?"

"வீட்ட நிக்கிறன் தானே?"

எங்கள் பக்கத்துப் பேச்சில் இந்த நிற்பது எல்லாவற்றுக்கும் வரும். வேலை பார்க்கிறவரை வேலையில நிக்கிறார் என்போம். வேலையை விட்டவரை வேலையால நிண்டிட்டார் என்போம். வீட்டில் இருப்பவர் வீட்ட நிக்கிறார், ஊருக்குப் போனவர் அங்கே நிக்கிறார், ஒருநாள் வராதவர் அண்டைக்கு நிண்டிட்டார். இன்னொருவருடைய கடனுக்குப் பொறுப்பெடுத்தால் அதுவும் பிணை நிற்பது. நானும் அப்படித்தான் கதைத்து வளர்ந்தேன். ஒரு எழுத்து மாறினால் அரிசி நின்றுவிடும் என்று யோசித்துக் கதைத்ததில்லை.

"நான் போய் நானாவுக்கு விளங்கப்படுத்துறன்" என்று அவள் எழும்பினாள். நான் மறித்தேன். எனக்கே உறுதியாகத் தெரியவில்லை. முதலாளி உண்மையாகவே என்னை நிறுத்திவிட்டு வேறு ஆள் எடுத்திருந்தால், நானா சொன்னதுதான் சரி. அப்படியானால் கடன் போனது மட்டும் இல்லை, கட்டுவதற்கு இருந்த வழியும் போனது.

விடிந்ததும் கன்டீனுக்கு நடந்தேன். நடக்கலாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். வேலை இன்னும் இருந்தால் அன்றைக்கே தொடங்கிவிடுவது என்றுதான் போனேன். வீட்டில் அரிசி முடிகிற கட்டம். தையலைப் பற்றி வழியில் யோசிக்கவில்லை, யோசித்தால் பாதியில் திரும்பியிருப்பேன்.

குசினியில் ஒரு பெண் நின்றாள். முப்பது வயதுக்குள் இருக்கும். கிடாரத்தை ஒரே மூச்சில் தூக்கி அடுப்பில் வைத்தாள். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

முதலாளி கண்டுவிட்டார். "அம்மா எதுக்கு வந்தது? போங்க, போங்க. அம்மா நிக்கிறது தானே?"

"மாத்தயா, என்னை நிப்பாட்டிப் போட்டீங்களோ?"

"யார் சொன்னது?"

"கடை நானாவுக்கு நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

அவர் யோசித்தார். "அந்த மனுசன் கேட்டது, அம்மா வேலையில நிக்கிறதா எண்டு. நான் சொன்னது, இல்ல, அது நிண்டது எண்டு."

"நிண்டது எண்டால் வேலையை விட்டது எண்டு அர்த்தம் மாத்தயா."

"அது எப்பிடி? வேலைய விட்டா போனது தானே? போகாம இருந்தாத்தான் நிண்டது. அம்மா போனதா? இல்ல தானே?"

அவர் சொன்னதில் எனக்குப் பிழை தெரியவில்லை. தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த லொறிக்காரர் ஒருவர், "மாத்தயாட தமிழ்தான் சரி, நாங்கதான் பிழையாக் கதைக்கிறம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

"இது மூணு மாசத்துக்கு வந்தது" என்று முதலாளி குசினிப் பக்கம் கை காட்டினார். "அம்மா வந்தா இது போறது." அந்தப் பெண்ணுக்கும் கேட்டிருக்கும். அவள் எனக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொண்டுவந்து தந்தாள்.

நானாவுக்குச் சொல்லிவிடும்படி முதலாளியைக் கேட்டேன். அவரிடம் நான் எதையும் கேட்டதில்லை, அதுதான் முதல் தடவை. "அந்தப் பக்கம் வந்தா சொல்றது" என்றார். அவர் எங்கள் பக்கம் வந்து நான் கண்டதில்லை. போகும்போது ஒரு சோற்றுப் பார்சலைக் கையில் வைத்தார். கனமில்லை என்று காட்டுவதற்காக அதை ஒரு விரலில் தூக்கிக் காட்டினார்.

வேலை இருக்கிறது. அதை நானா நம்ப வேண்டும். நம்பாவிட்டால் நாளைக்கே நான் கிடாரம் தூக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரியை அனுப்பலாம். ஆனால் ஓம் என்று சொன்ன வாய் என்னுடையது. அவள் போய் அதை இல்லை என்றால் கடனுக்காகக் கதை மாற்றுகிறோம் என்றுதான் நினைப்பார். திரும்பும் வழியிலேயே கடைக்குப் போனேன். கால் வலித்தது. அன்றைக்கு ஓரமாக நிற்கவில்லை.

"நானா, நான் வேலையை விட்டவள் இல்லை. நிக்கிறவள்."

ஓட்டோக்காரர் இருவர் சோடா குடித்துக்கொண்டு நின்றார்கள். பிள்ளையோடு ஒரு பெண் முட்டை வாங்கிக்கொண்டிருந்தாள்.

"அண்டைக்கு நிண்டனான் எண்டீங்களே அக்கா."

"வீட்ட நிண்டனான் எண்டு சொன்னனான்."

"வேலையில?"

"வேலையிலயும் நிக்கிறன். வீட்ட நிண்டுகொண்டு வேலையில நிக்கிறன்."

"நானா, அக்கா எங்க நிண்டாலும் பரவாயில்ல, முதல்ல ஒரு கதிரையப் போடுங்க. ஆள் விழப் போறா" என்றார் ஓட்டோக்காரர் ஒருவர்.

கதிரை வந்தது. இருந்தேன். முதலாளி சொன்னதைச் சொன்னேன். நானா கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தணிவாகக் கேட்டார்.

"கோவிக்காதீங்கக்கா. ஆஸ்பத்திரியால வந்து ஒரு மாசத்துக்கு மேல. துறைமுகத்துக்கு நடந்து போய் வந்திரிக்கிறீங்க. கை கால் சுகம். அப்ப ஏன் வேலைக்குப் போக ஏலாது?"

கேட்பதற்கு அவருக்கு உரிமை இருந்தது. ஒரு மாதமாக நான் சாப்பிட்டது அவருடைய அரிசி. நடக்க முடிந்தவள் ஏன் வேலைக்குப் போகவில்லை என்பதற்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அதைச் சொல்லாமல் வேறு என்ன சொன்னாலும் அது காரணமாக நிற்காது.

"என்ர கர்ப்பப்பையை எடுத்துப் போட்டினம்" என்றேன். "பாரம் தூக்கினால் உள்ளுக்குத் தையல் விட்டிடும். கன்டீனில கிடாரம் தூக்கிறதுதான் என்ர வேலை. மூண்டு மாசம் முடிய வேணும்."

சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. ஓட்டோக்காரர் இருவரும் கைத்தொலைபேசியை எடுத்துப் பார்த்தார்கள். முட்டை வாங்கிய பெண் மட்டும் என்னை நேராகப் பார்த்தாள். நானா எழும்பி அரிசியை நிறுக்கத் தொடங்கினார். நிறுத்து, மாவையும் பருப்பையும் போட்டு, பையை என்னிடம் நீட்டப் போனவர் பாதியில் கையை இழுத்துக்கொண்டார். "தம்பி, இத அக்காட வீட்ட குடுத்திட்டுப் போ" என்று ஓட்டோக்காரரிடம் கொடுத்தார்.

அதற்குப் பிறகு கிழமைக்கு ஒருமுறை சாமான் ஓட்டோவில் வாசலுக்கு வந்தது. நான் எவ்வளவு வாங்குகிறேன், எதற்காகக் கடனுக்கு வாங்குகிறேன் என்பதெல்லாம் ஒழுங்கைக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை. முட்டை வாங்கிய பெண் ஒரு மத்தியானம் வீட்டுக்கு வந்தாள். பிள்ளையை வெளியில் விளையாட விட்டுவிட்டு, கிளினிக் என்ன கிழமை, பார்ப்பது பெண் டொக்டரா, நோகுமா என்று கேட்டாள். தனக்கா வேறு யாருக்குமா என்று சொல்லவில்லை. தெரிந்ததைச் சொன்னேன். பிறகு வேறு சிலரும் வந்தார்கள். அவர்களும் தங்களுக்கு என்று சொல்லவில்லை.

மூன்று மாதமும் முடிந்தது. டொக்டர் பார்த்துவிட்டு, தையல் நன்றாகக் காய்ந்திருக்கிறது, வேலைக்குப் போகலாம், கவனமாகத் தூக்க வேண்டும் என்றார்.

நான் போன அன்று அந்தப் பெண் எனக்கு முன்பே வந்து அடுப்பு மூட்டியிருந்தாள். என்னைக் கண்டதும் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள்.

"அக்கா, இன்னும் ஒரு மாசம் வீட்ட இருக்க ஏலாதோ?"

"ஏலாது பிள்ளை. கடையில கடன் இருக்கு."

"எனக்கும் இருக்கு" என்றாள். "இந்த வேலையச் சொல்லித்தான் வாங்கினனான்."

இருவருக்குச் சம்பளம் கொடுக்க ஏலாது என்று முதலாளி முன்பே சொல்லிவிட்டார். அவளுக்கும் அது தெரியும். அரிசி கொதித்து முடிந்ததும் அவள் கிடாரத்தின் ஒரு காதைப் பிடித்தாள், நான் மற்றக் காதைப் பிடித்தேன். மூச்சைப் பிடிக்காமல் இறக்கினேன். அவள் மத்தியானம் வரைக்கும் இருந்து, அன்றைய சம்பளத்தில் பாதியை வாங்கிக்கொண்டு போனாள். மற்றப் பாதி பின்னேரம் என் கைக்கு வந்தது. எந்தக் கடையில் கடன் வாங்கினாள் என்று நான் கேட்கவில்லை.